போனுக்குத் தைத்த சட்டை

ஆடைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த சட்டைகளை அளந்து பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அரை சென்ரிமீற்றர் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆட்குறைப்பு வந்தபோது முதலில் நிறுத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. நாற்பத்தேழு வயதில் வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. அதனால்தான் கிளிநொச்சியில் தொழில்நுட்பக் கல்லூரியொன்றின் இணையப் பக்க வடிவமைப்பு வகுப்பில் சேர்ந்தேன். கணினியோ போனோ, திரையின் அகலத்துக்கேற்பத் தானாக ஒழுங்காகும் பக்கங்களைச் செய்வதுதான் பாடம். முடிவில் வவுனியா நிறுவனமொன்று இரண்டு பேரை வேலைக்கு எடுக்கும் என்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு திட்டம் இருக்கவில்லை.

இறுதிப் பயிற்சியாக, கொக்கிளாயில் கருவாடு விற்கும் பெண் ஒருவருக்குப் பக்கம் செய்யவேண்டியிருந்தது. அகலத்தை நிலையான அளவாக அல்லாமல், திரையில் இத்தனை பங்கு என்று நூற்றுவீதத்தில் கொடுக்கும்படி ஆசிரியர் சொல்லித்தந்திருந்தார். என் மனம் அதை ஏற்கவில்லை. ஆளைப் பார்த்து நீளுகிற கையை எந்தச் சட்டைக்கு வைக்க முடியும்? வகுப்பிலிருந்த எல்லோருடைய போனையும் வாங்கித் திரையின் அகலத்தைக் குறித்துக்கொண்டேன். சின்னது, நடுத்தரம், பெரியது என்று சட்டைக்கு வெட்டுவதுபோல ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகப் பக்கம் செய்தேன்.

“அக்கா போனுக்குச் சட்டை தைக்கிறா,” என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை. “என்ர போன் கொஞ்சம் குண்டு. தளர்வா வையுங்கோ அக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “எத்தினை போனுக்கெண்டு தைப்பியள் அக்கா? நாளைக்குப் புதுசா ஒண்டு வருமெல்லே.”

“வந்தா அதையும் அளக்கிறன் சேர்.”

கடைசி நாள் ஆள் எடுக்க வவுனியா நிறுவனத்திலிருந்து வந்தவரிடம் மடிக்கிற போன் இருந்தது. விரித்தால் எழுதுகிற கொப்பி அளவு, மடித்தால் நான் அளந்த சின்னதையும்விட ஒடுக்கம். அப்படியொன்றை நான் அதுவரை தொட்டதேயில்லை. மடித்த திரையில் என் பக்கம் வலப்புறம் வெட்டுப்பட்டு நின்றது. கருவாட்டுக்காரியின் தொலைபேசி இலக்கத்தில் பாதி தெரியவில்லை.

“நம்பர் வெளியால நிக்குது,” என்றார் அவர்.

“என்ர போனில ஒருக்காப் பாருங்கோ சேர்.”

வாங்கி, நேரமெடுத்துப் பார்த்தார். “வடிவா இருக்கு. ஒரு பிழையும் இல்லை. ஆனா வாங்கிற சனம் உங்கட போனில பாக்காது அக்கா.”

பக்கத்துக் கதிரைப் பிள்ளை செய்திருந்த இணையப் பக்கத்தில் இடைவெளிகள் கோணல். எழுத்துப் பிழைகள் வேறு. அவர் போனை விரித்தார், மடித்தார், சரித்தார். அவளுடைய பக்கம் ஒவ்வொரு முறையும் திரைக்குள் அடங்கி உட்கார்ந்தது. அவளையும் இன்னொரு பையனையும் எடுத்தார்கள்.

கணினி அறை அந்த வாரக் கடைசிவரை எங்களுக்குத் திறந்திருந்தது. அளந்து வைத்த அகலங்களை ஒவ்வொன்றாக அழித்து, முழுவதையும் நூற்றுவீதத்தில் திருப்பிச் செய்தேன். ஆசிரியர் மடிக்கிற போனின் அளவைக் கணினியில் வைத்துப் பார்த்தார். இலக்கம் உள்ளே வந்திருந்தது.

“இப்ப சரி அக்கா.”

“வவுனியாக்காரருக்கு ஒருக்கா அனுப்பிப் பாப்பமே சேர்?”

“ஆள் எடுத்து முடிஞ்சுது அக்கா,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பக்கம் இப்போது என் போனில் இருக்கிறது. பயிற்சிக்குச் செய்ததால் கருவாட்டுக்காரிக்கும் அதை யாரும் கொடுக்கவில்லை. எங்கள் ஊர் அக்கராயனில் மத்தியானங்கள் நீளமானவை. சிலவேளை அதைத் திறந்து போனைச் சரித்துப் பார்ப்பேன். எழுத்துகள் ஒதுங்கி இடம் விடும். பிறகு நிமிர்த்தி வைப்பேன்.