நூல் கட்டிய ரேடியம் ஊசிகள்

திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்கிச் சில நாள் கழித்து, விழுப்புரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். இடது கன்னத்தின் சதைக்குள் ரேடியம் ஊசிகள் குத்தியிருந்தன. ஒவ்வோர் ஊசியிலும் கட்டிய நூல் வாயோரமாக வெளியே வந்து, தாடையில் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது. அதன்மேல் துண்டைச் சுற்றியிருந்தேன். சென்னை ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

வாயில் புற்று கண்டு, ரேடியம் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை. ஓர் ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல இருந்தவனுமில்லை. ஆனால் ரேடியத்தைப் பற்றி என் கன்னத்துக்குத் தெரியும்.

முதலில் வந்தது வெள்ளையாக ஒரு தடிப்பு. அப்போது பெருமுக்கல் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவது என் வழக்கம். புகையிலை இருந்த அதே இடத்தில் தடிப்பு வந்து, பிறகு பிளந்தது. உளிக்கு முனை காய்ச்சும் ஆள், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கன்னத்தின் வெளிப்பக்கம் சூடு போட்டான். கூட வேலை செய்தவர்கள் கைகாலைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே ஆறியது. உள்ளே வளர்ந்தது.

திண்டிவனத்து மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "சவரி, இது புற்று. பட்டணத்துக்குப் போயிடு" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சென்னையில் ஊசி வைத்த டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். எல்லாப் பொருளும் அணுக்களால் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால்) ஆனது. இரும்பின் அணு சும்மா கிடக்கும். ரேடியத்தின் (தானாகவே கதிர் வீசும் ஓர் உலோகத்தின்) அணு அப்படியில்லை. ஒன்று போனால் இன்னொன்று என்று உடைந்துகொண்டே இருக்கும். உடையும்போது தெறிக்கிற கதிர் கெட்ட சதையைக் கொல்லும்.

"நல்ல சதையைங்க?" என்று கேட்டேன்.

"அதையும்தான். அதனாலதான் நாள் கணக்கு வச்சு எடுத்துடுறோம்."

அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கட்டிக்கு மூலிகைப் பற்றுப் போட்டால் யாரும் அதைப் பிய்க்க மாட்டார்கள். உள்ளே ஆறினால் தானாக உதிரும். ஆறாமல் பிய்த்தால் கட்டி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஊசியையும் நான் அப்படித்தான் நினைத்தேன். ஆறுவதற்கு முன்பே ஏன் எடுக்கிறார்கள்? ஊசிகள் குறைவு, அடுத்த கட்டிலுக்கு வேண்டும், அதற்காகத்தான் எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் ஒரு கவுண்டர். பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் நிலம் வைத்திருந்தார். அவருக்கு நாக்கில் புற்று. நான் சேரி ஆள் என்று தெரிந்த அன்றே தன் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னார். என் வாயிலிருந்து எடுக்கிற ஊசிகளைக் கழுவி, அவர் நாக்கில்தான் குத்துவார்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, "எப்படா எடுப்பாங்க?" என்று தினமும் கேட்டார்.

எடுப்பதற்கு முதல் நாள் ஓடிவிட்டேன்.

விழுப்புரத்தில் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டு, ஊசி உதிரும்வரை இருப்பது என் திட்டம். சில நாள் திண்டிவனத்துச் சத்திரத்தில் கிடந்துவிட்டு நடந்தேன். கன்னம் தேங்காய் மூடி போல வீங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பின்னால் மாட்டு வண்டி வந்து நின்றது. கவுண்டரும் அவர் தம்பி மகன்கள் இருவரும் குதித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள்; கவுண்டர் முந்திக்கொண்டார்.

"ஏறுடா வண்டியில. நீ வாயில வச்சிக்கினு ஓடுறியே, அது எங்க பெரிப்பாவுக்குடா" என்றான் மூத்தவன்.

"புண்ணு ஆறலிங்க. ஆறினா தானா வுழும். அப்ப வந்து பொறுக்கிக்கினு போங்க" என்றேன்.

கவுண்டருக்கு நாக்கு புரளவில்லை. ஆனாலும் தெளிவாகவே கேட்டார்: "தானா வுழுறதுக்கு அது இன்னா மாம்பழமா?"

கேட்டுக்கொண்டே அறைந்தார். நான் சாலையோரத்துச் சரளைக்கல்லை எடுத்து மூத்தவன் முழங்காலில் அடித்தேன். இளையவன் என் வயிற்றில் மிதித்தான். கீழே விழுந்ததும் கவுண்டர் என் மார்பில் உட்கார்ந்து, பிளாஸ்திரியைப் பிய்த்து, நூல் ஒன்றை விரலில் சுற்றி இழுத்தார். சதை கிழிந்துகொண்டு ஊசி வந்தது. அவர் விரலைக் கடித்தேன். எலும்பு தட்டுகிறவரை கடித்தேன். அவர் கத்தியதில் அவர் வாயிலிருந்தும் ரத்தம் என் முகத்தில் கொட்டியது.

"செத்துப்போவேன்டா," என்றார். "அது இல்லன்னா நான் செத்துப்போவேன்டா."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று நாக்கின் மேல் விழுந்தது. அது ஊசி இருந்த பக்கம்; அங்கே யாரும் அடிக்கவில்லை. துளி வலியும் இல்லை. துப்பினேன். பல்லோடு சாம்பல் நிறத்தில் எலும்புச் சில்லு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. பற்று இப்படிச் செய்யாது என்று எனக்குத் தெரியும்.

நானே வண்டியில் ஏறினேன்.

கவுண்டர் அந்த ஊசியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். என் ரத்தமும் எச்சிலும் அவர் மணிக்கட்டில் காய்ந்திருந்தன.

"கையில வச்சிக்காதீங்க கவுண்டரே, அது சதையத் தின்னுது."

"தின்னட்டும். உன்ன நம்பறதுக்கு அது தேவலாம்."

திண்டிவனத்து மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினார். பிறகு இடுக்கியை எடுத்தார். அது யுத்தக் காலம், மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லை. கவுண்டரின் தம்பி மகன்கள்தான் என் தலையைப் பிடித்தார்கள். ஒவ்வோர் ஊசியும் வரும்போது நான் கத்தியதைக் கேட்டு வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம்.

கவுண்டருக்கு ஒரே கவலைதான். "இத்தினி நாளு இவன் வாயில இருந்துதே, சத்து மிச்சம் இருக்குமாம்மா?"

"மண்டகப்பட்டுக் குகையப் பார்த்திருக்கீங்களா? ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி ராஜா அதக் குடைஞ்ச அன்னிக்கு இந்த ஊசிய அங்க வச்சிருந்தாக்கூட, இன்னிக்கு பாதிக்கு மேல சத்து இருக்கும்."

"அப்ப எனக்குப் போதும்" என்றார் கவுண்டர்.

என் புற்று செத்தது. தாடையும் கொஞ்சம் செத்தது. ஈறு வழியாக வெகுகாலம் எலும்புச் சில்லுகள் வந்துகொண்டிருந்தன. கன்னத்தில் மயிர் முளைப்பதில்லை. அந்தப் பக்கம் சூடும் குளிர்ச்சியும் தெரிவதில்லை. கவுண்டரின் நாக்கு பிழைத்தது. பேச்சு முழுதாகத் திரும்பவில்லை; என்னைத் திட்டுவதற்குப் போதுமான அளவு திரும்பியது. ஜப்பானில் குண்டு விழுந்தபோது விழுப்புரம் ஸ்டேஷனில் ஒருவர் பேப்பரைப் படித்துக் காட்டினார். அணு என்றால் என்ன என்று கூலிகள் அவரைக் கேட்டார்கள். நான் துண்டை விலக்கிக் கன்னத்தைக் காட்டினேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எடுக்கிற அன்றைக்கு எடுக்க விடுங்கள். அதன் காலம் வேறு, நம் உடம்பின் காலம் வேறு. நாம் ஆறும்வரை அது காத்திருக்காது. நாம் போன பிறகும் அது உடைந்துகொண்டிருக்கும்.

ஊசிகளை எடுத்த அன்று, அவற்றைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பக் கதிரைத் தடுக்கும் ஈயப் பெட்டி இல்லை. கவுதாரி சுடுவதற்குக் கவுண்டர் வீட்டில் வைத்திருந்த ஈய ரவைகளை ஒரு பானை நிறையக் கொட்டி, நடுவில் ஊசிகள் இருந்த குப்பியைப் புதைத்தார் டாக்டரம்மா. பானையை நீண்ட மூங்கிலின் நடுவில் கட்டி, உடம்பில் படாமல் தூக்கிப் போகச் சொன்னார். என் வாயைப் பார்த்திருந்த தம்பி மகன்கள் பின்வாங்கினார்கள். ஸ்டேஷன் கூலிகள் அதைக் குண்டு என்று சொல்லித் தொட மறுத்தார்கள். சென்னைவரை போய்வரக் கூலி தருவதாக டாக்டரம்மா என்னிடம் சொன்னார், சரி என்றேன்.

மறுநாள் காலை மூங்கிலின் ஒரு முனையை என் தோளில் வைத்துக்கொண்டேன். மறுமுனைக்கு ஆள் வரவில்லை. கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் மடித்துப் போட்டு, முன்னால் போய் அந்த முனையை எடுத்தார்.

"பாத்து வாடா," என்றார், திரும்பாமல். "ஆட்டாத."