கசக்கிற கூழ்

மனநோய் வார்டில் நர்சாக இருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அடிக்க மாட்டாங்களா?" என்பதைத்தான். இத்தனை வருடத்தில் என்னை ஒரே ஒருத்திதான் அடித்திருக்கிறாள். அதுவும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் சீட்டுக்காக. அவள் நல்ல புத்தியோடு இருந்தவள்.

வார்டு வேலை போக வாரத்தில் ஒருநாள் கிராமங்களுக்கு வேனில் போவோம். வீடு திரும்பிய நோயாளிகள் தூங்குகிறார்களா, மாத்திரை போடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வரும் வேலை. பசுவந்தனைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் விரும்பியே போவேன். அந்த வீட்டுக்காரர் பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரி. நாற்பது வயதிருக்கும். முன்பு ஒருமுறை தூக்கம் கெட்டு, சுவருக்குள்ளிருந்து ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லி, காடு காடாக அலைந்தவர். வைத்தியத்தில் தேறினார். தேறியதும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டேன் என்றுவிட்டார். மாதாமாதம் அவர் மனைவிதான் பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிப் போவாள். கேட்டால், ஒழுங்காகப் போடுகிறார் என்பாள்.

நான் போனால் அவரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழித்த கதையைச் சொல்லுவார். அப்புறம், மாத்திரையை விட்டு வருசக்கணக்காகிறது, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மனைவி இல்லை என்று தலையை ஆட்டுவாள். கையை வாயருகே கொண்டுபோய், விழுங்குகிறார் என்று ஜாடை காட்டுவாள். சபையில் ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் மனுசன் என்று நான் சிரித்துக்கொள்வேன். எங்கள் தொழிலில் நோயாளி ஒன்று சொல்லி வீட்டார் ஒன்று சொன்னால் வீட்டார் பக்கம்தான் காது சாயும்.

கிளம்பும்போது வேன் வரை வந்து குரலைத் தாழ்த்துவார். "கூழ்ல என்னமோ கலக்காவ சிஸ்டர். கசக்குது."

சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பது இந்த நோயில் அன்றாடம் கேட்கிற பேச்சு. டாக்டரிடம் சொன்னேன். டாக்டரும் எல்லா டாக்டரும் செய்வதைச் செய்தார், மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்.

அந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்கு அவர் காப்புக் கட்டினார், அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ச்சை. அந்த ஊரில் காப்புக் கட்டியவர்கள் வீட்டுச் சமையலில் கை நனைக்கக் கூடாது. கோயிலில் பொதுவாகப் பொங்குவதை ஒருவேளை சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும். திருவிழா நெருங்கும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. தூக்கமே இல்லை, உச்சி வெயிலில் பருத்திக் காட்டுக்குள் நின்றுகொண்டு யாரிடமோ சண்டை போடுகிறார், கூப்பிட்டால் கல்லை எடுக்கிறார் என்றாள். சாமி இறங்கியிருக்கிறது என்று சிலர் கும்பிட்டுப் போனார்களாம்.

வேனை எடுத்துக்கொண்டு போனோம். மாத்திரை எப்போது நின்றது என்று அவளைக் கேட்டேன். தொட்டியடியில் நின்று தரையையே பார்த்தாள்.

"கூழ்லதான கலந்து குடுத்தேன் சிஸ்டர். அவியதான் இப்பம் வீட்ல சாப்பிடலையே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஏட்டி, வருசக்கணக்கா எல்லாரையும் முட்டாளாக்கிருக்கியே" என்று கத்திவிட்டேன். காலில் விழுந்து பார்த்தாளாம், பிள்ளை தலையில் கை வைத்துக் கெஞ்சினாளாம், மாத்திரையைக் கோழிக்குப் போட்டாராம். அதன்பிறகுதான் கரண்டியால் நசுக்கிக் கம்மங்கூழில் கரைக்க ஆரம்பித்திருக்கிறாள். அந்த வருடங்களில் அவர் உழுதார், விதைத்தார், மகளை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். குடும்பம் நின்றதே அந்தக் கூழால்தான் என்றாள், அது பொய்யில்லை. நாங்கள் கூட்டிய மாத்திரையால் கூழ் இன்னும் கசந்திருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவரை வார்டில் சேர்த்தோம். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, பேச்சு சீரானது. வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியதும் அவளைத் தனியாக அழைத்து, இனி ஒளித்துக் கொடுக்கும் வேலை வேண்டாம், நீயே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா என் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டாவ சிஸ்டர். மறுபடி காட்டுக்குத்தான் போவாவ." அவள் பயம் நியாயமானது. அப்படி ஆகாது என்று அவளுக்குத் தைரியம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. அன்று பூராவும் எனக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவருக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள் ஆட்கள் பேசியது நோய்தான் என்று இப்போது புரிகிறது, பருத்திக் காட்டில் சண்டை போட்டதும் நோய்தான் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"கூழ் கசக்குன்னு சொல்லிட்டே இருப்பேம்லா சிஸ்டர். அதுவும் நோய்தானா?"

ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். தன் நாக்கையே நோய்க்கணக்கில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது நோயில்ல. நாந்தான் மாத்திரையக் கலந்தேன்" என்றாள்.

அவர் கத்துவார் என்று நினைத்து வார்டு பையனைக்கூடக் கண்ணால் கூப்பிட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை. கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையை அவரே பிரித்து என்னிடம் கொடுத்தார். "அப்பம் நான் சொன்னது நெசம்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நெசந்தான் அண்ணாச்சி என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் அது கூடாது என்பார்கள், கலங்கியது கலங்கியதுதான்.

பிறகு சோற்றுத் தட்டை அவள் பக்கம் தள்ளி, "நீ மொதல்ல சாப்பிடு" என்றார். அவர்கள் வீட்டில் ஆம்பிளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பொம்பளை உட்காருவாள். வார்டே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அழுதுகொண்டே ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டாள். அவர் என்னிடம் கையை நீட்டி மாத்திரை கேட்டார். வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி வாயில் போட்டு விழுங்கிவிட்டு, அதே தட்டில் சாப்பிட்டார்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறேன். மாத்திரை டப்பா டிவி ஸ்டாண்டின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கூழோ சோறோ, அவள் ஒரு வாய் விழுங்கும் வரை தட்டில் கை வைப்பதில்லை. போன தடவை அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தபோது, இன்னுமா இது, உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"அவிய ஆயுசு பூரா மாத்திரை போடணும்னு நீங்கதான சொன்னீங்க சிஸ்டர்" என்றாள். "எனக்கு இது."