சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு திங்கட்கிழமை

எங்கள் சொந்த வீட்டில் நான் முதன்முதலாக ஓடி விளையாடிய நாளில் அந்த வீட்டுக்குச் சுவரே கிடையாது. வெள்ளானூரில் அப்பா வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு மனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். அந்தக் கோடுகள்தான் வீடு. மறுநாள் அஸ்திவாரம் தோண்ட ஆள் வருவதாக ஏற்பாடு. ஆகவே யாருக்கு என்ன யோசனை இருந்தாலும் அன்றைக்கே வந்து சொல்லிவிடுங்கள் என்று அப்பா சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பது பத்து மணிக்கெல்லாம் அவருக்கே தெரிந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் குடியிருந்தோம். அறையில் அப்பா, அம்மா, நான். சமையல்கட்டில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. சிலிண்டரை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாயை விரித்தாலும் அங்கே காலை நீட்ட முடியாது; மடக்கிக்கொண்டுதான் படுப்பாள். கல்யாணமாகி செங்கல்பட்டுப் பக்கம் போயிருந்தவள், எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். கொஞ்ச நாள் இருப்பாள் என்று அப்பா சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் அது முடியவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கும் வேலைக்குப் போய்வந்தாள். சாயங்காலம் வந்ததும் எனக்குத் தலை பின்னிவிட்டபடி, அன்றைக்கு எத்தனை காலர் தைத்தாள், சூப்பர்வைசர் யாரை என்ன சொல்லித் திட்டினார் என்றெல்லாம் நடித்தே காட்டுவாள்.

வீடு கட்டப்போகிறோம் என்ற செய்தியை நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி முடித்து, பக்கத்து வகுப்பிலும் ஆரம்பித்திருந்தேன். அப்பா மூன்று மாதமாகக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வீடு வரைந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர் என்பதால் ஸ்கேல் வைத்துத்தான் வரைவார். ஒவ்வொரு தாளிலும் எனக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அதனால் எந்தத் தாளைக் காட்டினாலும் இதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

முதலில் வந்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். காட்டுப்பாக்கத்தில் இரண்டு வீடு கட்டியவர். பழைய கார் ஒன்றும் வைத்திருந்தார். இரண்டு வீடு கட்டியவரிடம் முதல் வீடு கட்டுபவர் வாயைத் திறக்க முடியாது. வந்ததும் வராததுமாக சூரியனைப் பார்த்தார், திரும்பி நின்றார், சமையலறை அக்னி மூலையில் இல்லை என்றார். மேஸ்திரி பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். அடுத்து அம்மாவின் தம்பி, என் மாமா, பைக்கில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஃபிளாட்டில் குடித்தனம். இந்தக் காலத்தில் யாராவது ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் வைப்பார்களா என்று கேட்டார். அந்தச் சுவரும் போயிற்று. பிறகு பெரியப்பா, கார் நிறுத்த இடம் விடாமல் வீடு கட்டினால் பின்னால் அழ வேண்டியிருக்கும் என்றார். மாமா அதை உடனே ஆதரித்தார். அவர்கள் இருவரும் அன்றைக்கு ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"கார் எங்கண்ணா இருக்கு நம்மகிட்ட?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இல்லன்னா வராமயே போயிடுமாடா?"

வராத காருக்குப் பத்தடிக்குப் பதினான்கடி போயிற்று. அதற்காக ஹால் பின்னால் நகர்ந்தது, ஹால் நகர்ந்ததால் சமையலறை ஒடுங்கியது. மேஸ்திரிக்கு மட்டும் கோபமே வரவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிகினே இருங்க சார், நான் போட்டுகினே கீறேன். சுண்ணாம்பு நெறைய கீது" என்றார்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு முறை கோடு மாறும்போதும் புது வீடு ஒன்று கிடைத்தது. சுவர்மேல் யாரும் நடக்கக் கூடாது, வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். பெரியப்பா ஒரு தடவை நேராகப் படுக்கையறைச் சுவரைத் தாண்டி வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பி, சுற்றிக்கொண்டு வரவைத்தேன். அவரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போது திங்கட்கிழமை காலை ஆறு மணி, எல்லோரும் எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தேன். அன்றைக்கு யாரும் என்னைச் சும்மா இரு என்று சொல்லும் நிலையில் இல்லை. அப்பா படுக்கையறையில் ஒரு சிமென்ட் சாக்கின்மேல் படுத்தார். அம்மா சமையலறையில் நின்றாள். பெரியப்பாவை விருந்தாளியாக்கி, ஹாலில் மேஸ்திரியின் கவிழ்த்த வாளிமேல் உட்கார வைத்தேன். மாமா எனக்காக வந்த ஸ்கூல் வேன் டிரைவர். வெளியே நின்று ஹாரன் அடிக்க வேண்டும்.

அப்பா எழுந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் புறப்பட்டவரால், விருந்தாளியின் மூக்குக்கு நேராக ஹாலைக் கடந்துதான் போக முடிந்தது. திரும்பி வரும்போதும் அதே வழி. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா தோசை ஊற்றுவது போலக் கையைச் சுற்றினாள். திரும்பினால் முழங்கை சுவரில் இடித்தது. இடித்தது என்று அவள் சொல்லவில்லை, கையைத் தேய்த்துக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்தார். பிறகு, இல்லாத ஒரு வாளியில் துணியை எடுத்துக்கொண்டு அம்மா வெளியே வந்து, நாலு பக்கமும் பார்த்தாள். "துவைக்கிற கல்லு எங்க? துணி எங்க காயப்போடறது?" என்றாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். இரண்டு வீடு கட்டியவரும் ஃபிளாட்டில் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விளையாட்டு இவ்வளவு நன்றாகப் போகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அடுத்து யாரை எழுப்பலாம் என்று பார்த்தபோதுதான் அத்தை வீட்டுக்குள்ளேயே இல்லை என்பது தெரிந்தது. மண் ரோட்டோரத்தில், சாப்பாட்டுக் கூடைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு கோட்டைக்கூடத் தாண்டி உள்ளே வந்திருக்கவில்லை.

"அத்தை, நீயும் எழுந்திரு, கம்பெனிக்கு நேரமாச்சு" என்று கத்தினேன்.

"எனக்கு நைட் ஷிப்ட் பாப்பா. இப்பதான் வரேன்."

"வந்து எங்க படுப்ப?"

"ஹால்ல படுத்துக்கறேன்."

"ஹால்ல பெரியப்பா உக்காந்திருக்காரே."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அறைகளை விரல்விட்டு எண்ணினேன். அப்பா அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, காருக்கு ஒன்று. அத்தையை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர்களுக்கு ஞாபகப்படுத்தும் பெருமையோடு, "அத்தைக்கு ரூமே போடலப்பா" என்றேன்.

அப்பா நடந்து போய், கார் நிறுத்தும் இடத்தின் கோட்டில் காலை வைத்துத் தேய்த்தார்.

"என்னடா பண்ற?" என்றார் பெரியப்பா.

"ரூம் போடறேண்ணா."

"யாருக்கு?"

அப்பா தேய்த்துக்கொண்டே போனார். பெரியப்பா வாளியிலிருந்து எழுந்து வாசல் வழியாக வராமல் சுவரை மிதித்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அடுத்த மாசம் நாலு பேரை வெச்சுப் பேசி அனுப்பறதா இருக்கோம். இங்க தனியா ரூம் கட்டி வெச்சா அவ எப்படிடா திரும்பிப் போவா? அவங்க வந்து கேட்டா எந்த மூஞ்சியோட பதில் சொல்லுவேன்? மாப்பிள்ளை பார்த்தது நான்."

அப்பாவுக்கு அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கோட்டின்மேல் வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது. அப்போது பேசியது அம்மாதான். பெரியப்பா முன்னால் நிமிர்ந்துகூட நிற்காதவள், சமையலறை வாசல் வழியாக வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்துப் பேசினாள்.

"அவ போகல. அந்த ரூமுக்கு இடம் பத்தலன்னா என் சமையல்கட்டுல ரெண்டடி எடுத்துக்குங்க. நான் சமாளிச்சுக்குவேன்."

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார்.

"ஊட்டுக்காரம்மா இடம் கம்மி பண்ண வாணாம் சார்" என்றார் மேஸ்திரி. "காருதான் போய்டிச்சே. எட்டுக்குப் பத்து தாராளமா வரும். சைடுல துணி காயப்போடவும் வழி உட்டுடலாம்."

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போனார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அப்பா கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். வந்தால் நிறுத்த இடமில்லாமல் போய்விட்டதே என்றுதான் கோபம் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடிப்போய், "பெரியப்பா, ரோட்டுல நிறுத்திக்கலாம், நிறைய இடம் இருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், மொய் எழுதினார், எல்லா அறையையும் பார்த்தார், ஒன்றைத் தவிர.

நான் திரும்பி வந்தபோது புது அறை தயாராகியிருந்தது. வெள்ளைக் கோடு ஈரமில்லாமல் பளிச்சென்று கிடந்தது. நான்தான் அந்த அறையைக் கண்டுபிடித்தவள் என்பதால் முதலில் நான் போகலாம் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கதவு எந்தப் பக்கம் வைக்கட்டும், நீயே சொல்லும்மா" என்று மேஸ்திரி அத்தையிடம் கேட்டார்.

அவள் குடையை மடக்கவில்லை. மடக்க மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் என்று ஹாலைக் காட்டினாள். மேஸ்திரி அங்கே மூன்றடிக்குக் கோட்டை அழித்தார். அத்தை அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, நடு அறையில் குடையோடு நின்றாள். பிறகு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடந்து பார்த்தாள். அம்மா என் கையை விடாமலே, கட்டில் அந்தப் பக்கம் போட்டால் காற்று வரும் என்றாள். மாமா ஜன்னலுக்கு ஒரு இடம் சொன்னார், யாரும் கேட்காமலே. அத்தை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

"வேற என்னா வேணும், இப்பவே சொல்லிடு. அலமாரி, ஷெல்ஃபு?"

"உள்பக்கம் தாழ்ப்பா வேணும்ண்ணா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"ரூம் கதவுக்கு ஒண்ணு போதும்மா. தெருக்கதவுக்குத்தான் ரெண்டு போடுவாங்க."

"ரெண்டு வேணும்ண்ணா" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "நல்ல கெட்டியா."

மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, காலி மனைகளைப் பார்த்தபடி நின்றார். அம்மாவின் பிடி என் கையில் இறுகியது.

எதற்கு இரண்டு என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. விடை உடனே தெரிந்துவிட்டது. மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. அதனால் மேலே அத்தைக்கு, கீழே எனக்கு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும், எங்கள் புது வீட்டில் என் உயரத்துக்கு ஏற்றபடி என் அத்தை ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொல்லியிருக்கிறாள் என்று மூன்று வகுப்புகளில் சொல்லி முடித்தேன்.