ஏழாம் எண் கிளாஸ்

ஆர்மெல் லுஸோ ஓரிடத்தில் உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் எழுந்துவிடத் தயாராக இருக்கும். ஐம்பத்து நான்கு வயது. பிரான்சில் நாந்த் நகருக்குத் தெற்கே, கருங்கல் மேட்டில் ஏழு ஹெக்டேர் திராட்சை. அதில் வருவது மஸ்கடே: இனிப்பே இல்லாத, எலுமிச்சையும் உப்பும் தெரிகிற மெலிந்த வெள்ளை ஒயின். குளிர்காலம் முழுக்கத் தொட்டியடியில் படியும் தன் வண்டலின் மேலேயே கிடந்து, வசந்தத்தில் நாக்கை லேசாகக் குத்தும்.

"பர்கண்டிக்காரன் வேணாம்னு ஒதுக்குன செடி. பனியில சாகலன்னு நாம வச்சுக்கிட்டோம்," என்பாள். "அதுக்குச் சதை போட்டா அது மஸ்கடேயே இல்ல."

போன செப்டம்பரில் அதை அவளே மீறினாள். மழை வரவில்லை, இன்னும் பழுக்கட்டும் என்று நான்கு நாள் தாமதித்துப் பறித்தாள். பக்கத்துத் தோட்டத்து ஜோயல் கோத்ரோவையும், "பொறு, பறக்காத" என்று நிறுத்திவைத்தாள். அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தொட்டியைத் திறப்பாள், மூடுவாள். ஒருநாள் ஒயின் சரியாக இருந்தது; மறுநாள் கொழுத்துத் தெரிந்தது.

மார்ச்சில் ஊர் மன்றத்தில் எல்லார் ஒயினையும் ருசி பார்த்தார்கள். புட்டியில் மஸ்கடே என்று எழுத அந்த மேசையைத் தாண்ட வேண்டும். புட்டிகளுக்குத் துணியுறை, மேலே வெறும் எண். தீர்ப்புச் சொல்லச் சீட்டெடுத்ததில் ஐந்து பேரில் ஆர்மெலும் ஜோயலும் வந்துவிட்டார்கள்.

ஏழாவது கிளாஸில் அவள் கை நின்றது. கனம். பழுத்த பேரிக்காய். உப்பைக் காணோம். அந்த நான்கு நாள்தான். தன்னுடையதுதான்.

"என்ன, பல்லுல மாட்டிக்கிச்சா?" என்றான் ஜோயல்.

"வாய மூடிட்டு உன் கிளாஸப் பாரு."

ஜோயலும் இன்னொருவரும் சரி என்றார்கள். இரண்டு பேர் ஆகாது என்றார்கள். மிச்சம் அவள் மட்டும். எழுந்து ஜன்னல்வரை போனாள், ரொட்டியைக் கடித்தாள், மெல்லாமலே திரும்பினாள்.

"நல்ல ஒயின்தான். ஆனா நம்ம பேரு இதுக்கு வேணாம். தள்ளுங்க."

உறைகளைக் கழற்றினார்கள். ஏழு, ஜோயலுடையது. அவளுடையது மூன்று; அதற்கு, 'மெலிவு, உப்பு, சரி' என்று அவளே எழுதியிருந்தாள்.

ஜோயல் வெளியே வந்து அவள் வண்டியில் சாய்ந்து நின்றான்.

"உன்னோடதுன்னு நெனச்சுத்தான தள்ளுன?"

"ஆமா."

"அடிப்பாவி." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இனி வெறும் 'வெள்ளை ஒயின்'னு எழுதி விக்கணும். நீ நிக்கிறது கருங்கல்லு, நான் நிக்கிறது களிமண்ணு; நாலு நாள் விட்டா கொழுத்துடும். உன் பேச்சக் கேட்டுக் காத்திருந்தேன் பாரு."

"நான் சொன்னது தப்பு."

"சொந்த ஒயினையே தெரியல உனக்கு. வர்ற வருஷம் பறிக்கிற நாள நான்தான் சொல்லுவேன். ரெண்டு தோட்டத்துக்கும்."

"சரி" என்றாள். வண்டிக் கதவைத் திறந்தவள் மறுபடி அவனிடம் வந்தாள்.

"ஆகஸ்ட்லயே வந்து நாள் கேக்கலாமா?"