எட்டாம் வாரத்துக் கட்டம்

என் தங்கையின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கையின் படத்துக்குக் கீழே அவர் பெற்ற பட்டங்கள் இரண்டு வரிகளில் இருக்கின்றன. தலைமையாசிரியர் தகுதிச் சான்றிதழ் என்ற மூன்றாவது வரி எங்கே என்று, மலர் அச்சுக்குப் போவதற்கு முன்பே ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். நான் மறந்துவிடவில்லை. அந்தச் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனது என்னால். ஒன்பது பேரிடம் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே முறை எழுதிவிடுகிறேன்.

வீட்டில் தங்கையை நான் வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இங்கே அவர் என்று எழுதுகிறேன். ஒரு பள்ளியின் துணைத் தலைமையாசிரியரைப் பற்றி எழுதும்போது அதுதான் முறை.

தங்கை பிறந்தது கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பண்டமாரானில். அப்பா துறைமுகக் கிடங்கில் வேலை செய்தார். நாங்கள் ஆறு பிள்ளைகள். நான் முதல், அவர் கடைசி. இடையில் பதினைந்து ஆண்டுகள். அவர் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது நான் கோலாலம்பூரில் ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. தற்காலிக ஆசிரியராகத் தொடங்கி, பயிற்சிக் கல்லூரிக்குப் போய், கிள்ளானில் வேலைக்கு வந்தார். கணவர் லோரி ஓட்டினார். மகள் கவிதாவுக்கு ஒன்பது வயதாகும்போது கணவர் மாரடைப்பில் தவறிப்போனார். ஈமச்சடங்குகள் முடிந்த மறுநாளே தங்கை பள்ளிக்குப் போனார். ஒரு நாளாவது வீட்டில் இரு என்று சொன்னேன். "வீட்டுல இருந்தா ஒருத்திய பாக்கணும், பள்ளிக்கூடம் போனா முப்பத்தஞ்சு பேர பாக்கணும். முப்பத்தஞ்சுதாண்ணே சுலபம்" என்றார்.

இளங்கலைப் பட்டத்தைத் தொலைதூரக் கல்வியில் முடித்தார். கல்வி நிர்வாகத்தில் முதுகலைக்கு ஐம்பத்தொரு வயதில் சேர்ந்தார். சனிக்கிழமை தோறும் கிள்ளானிலிருந்து கம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் கோலாலம்பூர் வந்து, வகுப்பு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். எழுபத்தொரு சனிக்கிழமைகள். ஆய்வேடு நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். பக்க எண்களைச் சரிபார்த்தது நான். இரண்டு இடத்தில் தவறு இருந்தது.

பட்டம் மட்டும் இருந்தால் தலைமையாசிரியர் ஆகிவிட முடியாது. தகுதிச் சான்றிதழும் வேண்டும். அதற்கு நேர்முகம், பயிற்சி, பிறகு வேறொரு பள்ளியில் அங்குள்ள தலைமையாசிரியரின் வழிகாட்டுதலில் பத்து வாரப் பணி. தங்கை இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் நேர்முகத்தோடு நின்றுவிட்டார். மூன்றாவது முறை தேர்வானபோது வயது ஐம்பத்தாறு. அறுபதில் ஓய்வு. அதுதான் கடைசி வாய்ப்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பண்டமாரான் பக்கத்தில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி கிடைத்தது. மாணவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். அங்கிருந்த தலைமையாசிரியை தங்கையைவிடப் பதினோரு வயது இளையவர். "எனக்கு வழிகாட்டியே என்ன அக்கான்னு கூப்பிடுதுண்ணே, யாரு யாருக்கு சைன் வைக்கறதுன்னே தெரியல" என்று தங்கை சிரித்தார்.

ஆசிரியர் அல்லாதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். நம் ஆசிரியர்கள் பாடக்குறிப்பை முன்கூட்டியே எழுத வேண்டும். அதற்குக் கீழே சிந்தனை மீட்சி என்று ஒரு கட்டம் இருக்கும். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பேர் நோக்கத்தை அடைந்தார்கள் என்பதைப் பாடம் முடிந்த பிறகு அதில் நிரப்ப வேண்டும். வேலை நெருக்கடியில் பலர் அதையும் முந்தைய ஞாயிற்றுக்கிழமையே நிரப்பிவிடுவார்கள். தங்கையும் அப்படித்தான். முப்பத்தைந்துக்கு முப்பத்திரண்டு அல்லது முப்பத்து மூன்று. "முழுசா போடேன்" என்று ஒரு முறை கேட்டேன். "முழுசா போட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கண்ணே. எந்த வகுப்புல எல்லாரும் அடைஞ்சிருக்காங்க?" என்றார். முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் முழு எண் போட்டதில்லை.

இந்தப் பத்து வாரப் பணிக்கான குறிப்பேட்டிலும் வாரத்துக்கு ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் அதே கட்டம். ஆறாம் வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தங்கை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கவிதா தேநீர் கொண்டுவந்தபோது தலை குறிப்பேட்டின் மேல் சாய்ந்திருந்தது. பேனா மூடப்பட்டிருந்தது. மருத்துவமனை வரை மூச்சு இருந்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது இல்லை.

திங்கட்கிழமை பிற்பகல் தலைமையாசிரியை இரண்டு ஆசிரியர்களோடு வீட்டுக்கு வந்தார். "காலையில மழை, அங்கிள். திடல்ல சபைக்கூடல் நடத்த முடியல. கேன்டீன்லயே புள்ளைங்கள நிக்க வெச்சு அக்காவுக்காக ஒரு நிமிஷம் மௌனமா இருந்தோம்" என்றார். செவ்வாய்க்கிழமை தகனம். வந்தவர்கள் இருநூற்று ஆறு பேர்.

சனிக்கிழமை கவிதா கோப்புகளை என்னிடம் கொடுத்து, "மாமா, அம்மாவோட ஃபைல அடுக்கி அனுப்பிடலாமா? முடிச்ச வாரத்துக்காவது ஏதாச்சும் குடுப்பாங்கல்ல" என்றாள். நான் பக்கங்களை எண்ணினேன். ஆறு பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்தும் எழுதப்பட்டிருந்தன. பழக்கதோஷம், முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஏழாம் வாரத்தை வாசித்தேன்.

"திங்கள் மழை. சபைக்கூடல் நடைபெறவில்லை. மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றனர்."

யாருக்காக என்று எழுதவில்லை.

மூன்று முறை வாசித்தேன். எழுத்து அவருடையதுதான். இரண்டு என்ற எண்ணின் வாலை உள்ளே சுழித்து எழுதும் அதே எழுத்து. பிறகு எட்டாம் வாரம்.

"புதன், மூன்றாம் பாடவேளை. மூன்றாம் ஆண்டு வகுப்பறையின் நடு விசிறி விழுந்தது. மேசைகள் இரண்டு வரிசை பின்னால் இருந்தன."

அந்தப் பக்கத்தின் கட்டம் காலியாக இருந்தது. மற்ற ஒன்பது கட்டங்களிலும் எண்கள் இருந்தன. எட்டாவதில் மட்டும் ஒன்றும் இல்லை. காலிக் கட்டம் விடுகிறவர் அல்லர் என் தங்கை. ஒரு துண்டுத்தாளில் "பத்தில் ஒன்பது" என்று எழுதி அந்தப் பக்கத்திலேயே வைத்தேன். ஒன்பதாம், பத்தாம் வாரங்களில் கட்டத்தைத் தவிர வேறெதையும் வாசிக்கவில்லை. பயம்தான்.

என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குறிப்பேட்டைக் காட்டினால் தங்கை நடக்காததை நடந்ததாக எழுதினார் என்று ஆகும். ஆறு வாரம் உண்மையாக உழைத்ததும் அதோடு போய்விடும். மற்றவர்கள் செய்யலாம், தலைமையாசிரியர் ஆகப்போகிறவர் செய்யலாமா என்று கேட்பார்கள். கடைசி நான்கு பக்கங்களை அகற்றிவிட்டு ஆறை மட்டும் அனுப்பினால், இடையில் இறந்தவர் என்று இரக்கப்பட்டுச் சான்றிதழ் கொடுத்தாலும் கொடுக்கலாம். அகற்றுவதற்குப் பிளேடுகூட எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"டீச்சர், மூணாம் ஆண்டு வகுப்புல நடு ஃபேன் ஆடுதுன்னு தங்கச்சி ஒருநாள் சொன்ன மாதிரி ஞாபகம்."

"இல்ல, அங்கிள். போன மாசம்தான் காண்ட்ராக்டர் வந்து எல்லா ஃபேனையும் பாத்தாரு. அக்காவும் நானும் கூடவே நின்னோம். அக்காதான் லிஸ்ட்ல டிக் போட்டாங்க. எல்லாம் ஓகே லா. நீங்க மனச போட்டுக் குழப்பிக்காதீங்க. சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. அன்று முழுவதும் இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் இருபத்திரண்டு பேர் என்பது குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை குறிப்பேட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பாதி வழியில் இறங்கி, திரும்பிப் போக எதிர்மேடைக்கு நடந்தேன். முப்பத்தாறு படிகள். எதிர்மேடையில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஆசிரியையோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியை அவர்களை எண்ணினார். சரியாக வரவில்லை போலும், மறுபடியும் எண்ணினார். நான் அதே முப்பத்தாறு படிகளில் திரும்பி வந்து அடுத்த கிள்ளான் ரயிலில் ஏறினேன்.

தலைமையாசிரியை அலுவலகத்தில் இருந்தார். குறிப்பேட்டைத் திறந்து ஏழாம் வாரத்தைக் காட்டினேன்.

"இது எப்போ எழுதுனது, அங்கிள்?"

"அந்த ஞாயிறு. சாகறதுக்கு முன்னால."

அவர் எட்டாம் பக்கத்தை வாசித்தார். உடனே எழுந்து மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். "எல்லாரும் எழுந்திரிங்க, மேசைய பின்னால இழுங்க. சீக்கிரம்" என்றார். ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், பின்னால உக்காந்தா போர்டு தெரியாது" என்றது. "தெரியாட்டி பரவால்ல" என்றார். மேசைகள் நகர்ந்தன. விசிறியைப் பார்த்தேன். ஆடாமல் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார். காண்ட்ராக்டர் வியாழக்கிழமைதான் வர முடியும் என்றாராம்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவர் அழுதார். "பத்துக்கும் நான் சைன் வைக்கணும், அங்கிள். ஆறுக்குத்தான் வைக்க முடியும். மிச்சத்த பாத்துட்டேன், பாக்காத மாதிரி இருக்க முடியாது. மேலிடத்துல சொல்லித்தான் ஆகணும். அக்காவுக்கு சர்ட்டிபிகேட் கிடைக்காது." தெரியும் என்றேன்.

புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் விசிறி விழுந்தது. சுவிட்சு அணைந்துதான் இருந்தது. நின்ற விசிறி அப்படியே கழன்று வெறும் தரையில் விழுந்தது. முன்வரிசை மேசைக்கும் அதற்கும் இடையில் ஏழு அடி. பிள்ளைகள் அலறினார்களே தவிர ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அம்மா எப்போதோ அதைக் கவனித்திருப்பார், செய்ய வேண்டியதை எழுதி வைத்திருப்பார் என்று கவிதா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை மழையையும் அந்த ஒரு நிமிடத்தையும் எப்படிக் கவனித்தார் என்று கேட்டேன்.

குறிப்பேடு வெள்ளிக்கிழமை ஆறு கையெழுத்துகளோடு திரும்பி வந்தது. உறையில் போட்டு அலமாரியில் பூட்டினேன். சாவி என்னிடம் மட்டும் இருக்கிறது. சான்றிதழ் இல்லை என்ற கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. நான்கு வரி.

என்னை உறுத்துவது சான்றிதழ் அல்ல. சனிக்கிழமை வாசித்த நான் செவ்வாய்க்கிழமைதான் காட்டினேன். நடுவில் இரண்டு நாள், அதில் ஒன்று பள்ளி நாள். அந்த இரண்டு நாளும் என் தங்கையின் பெயரை ஒரு தட்டிலும் இருபத்திரண்டு பிள்ளைகளை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். அவராக இருந்தால் இரண்டு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். அதனால்தான் அந்தப் பள்ளியை நடத்தும் தகுதி அவருக்கு இருந்தது என்று சொல்கிறேன்.

தங்கையின் இறுதிக் காரியங்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பூமாலை கட்டிய கிள்ளான் கடைக்காரர், பதினாறு நாளும் சமையலைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆன்டி, வேன் ஓட்டிய தம்பிகள் நால்வர், அவருடைய பழைய மாணவர்கள், இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள். எல்லாரையும்விட, உண்மையைச் சொல்லிவிட்டு என் முன்னால் அழுத அந்தத் தலைமையாசிரியைக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

சென்ற வாரம் இந்த மலருக்குப் படம் எடுக்கக் குறிப்பேட்டை வெளியே எடுத்தேன். என் துண்டுத்தாள் எட்டாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. பத்தில் ஒன்பது. நிரம்பியிருந்த கட்டங்களை மறுபடி எண்ணினேன். பத்து வந்தது.

கவிதாவைக் கூப்பிட்டேன். "நீங்க அன்னைக்கு சரியா பாத்திருக்க மாட்டீங்க, மாமா" என்றாள். நான் சரியாகப் பார்க்காமல் எண்ணுகிறவனா? தலைமையாசிரியையை வரவழைத்துக் காட்டினேன். மற்றக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "ஆறாவது பக்கத்துக்கு அப்புறம் என் பேனா படவே இல்ல, அங்கிள். நான் ரெண்டுக்கு இப்படி வாலச் சுழிக்க மாட்டேன்" என்றார்.

சான்றிதழின் படம் வர வேண்டிய கடைசிப் பக்கத்தில் அந்தப் பக்கத்தின் படத்தைப் போட்டிருக்கிறேன். கட்டத்தைப் பாருங்கள். நம்ப மாட்டார்கள் என்று முப்பது ஆண்டு எழுதாமல் இருந்ததை என் தங்கை எழுதியிருக்கிறார். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.