சொந்தமில்லாத சித்தி

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், எங்களுக்குச் சொந்தமே இல்லாத ஒரு சித்தி திருநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சுடிதாருக்குக் கீழே கறுப்பு ஷூ போட்டிருந்தார். தங்கை முறை என்று அறிமுகப்படுத்தப்பட்டவர், அம்மாவை ‘மேடம்’ என்று கூப்பிட்டார். கேட்டதற்கு, “தூரத்துச் சொந்தம்டி” என்றார் அம்மா. தூரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

அம்மா அரசாங்கக் கட்டடப் பிரிவில் இன்ஜினியர். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போட்ட கூரையில் கம்பியும் சிமெண்டும் பாதிக்குப் பாதி குறைந்திருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேலதிகாரி. அம்மா போடவில்லை. அதோடு நிற்காமல் அந்த அதிகாரி மீதும் காண்ட்ராக்டர் மீதும் புகாரும் கொடுத்துவிட்டார். மிரட்டல்கள் வந்தன. கோர்ட் எங்களுக்குப் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று என் காதில் விழுந்தது, அடுப்படியில் அப்பாவும் அம்மாவும் பேசிய இரண்டே வரிகள்.

“நமக்கும் ஒரு பிள்ள இருக்கு, மறந்துராத.”

“மறக்கலங்க. அந்தக் கூரைக்குக் கீழயும் பிள்ளைகதான உட்காரும்?”

சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டார், கேரம் ஆடினார், ஸ்கூலுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தன் வீட்டுக்குப் போவார். அந்த நாள் எனக்குப் பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை நானும் சித்தியும் காளவாசல் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். எனக்குக் குடிக்கப் பருத்திப்பால் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, சித்தி கடைக்காரரிடம் சில்லறைக்காகத் திரும்பினார். அதற்குள் ஒரு பைக் என்னை ஒட்டி வந்து நின்றது.

“இன்ஜினியரம்மா மகதான பாப்பா நீ? அம்மா ஒன்னயக் கூட்டியாரச் சொன்னாங்க. ஏறு.”

அம்மாவைத் தெரிந்தவர், சிரித்த முகம். நான் ஒரு காலைத் தூக்கிவிட்டேன். அதற்குள் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்த சித்தி, வண்டிச் சாவியை உருவினார்.

“யாருடா அனுப்புனது?”

“சும்மா அட்ரஸ் கேட்டேன்க்கா...”

அவன் முடிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி அவனை வண்டியோடு சாய்த்தார் சித்தி. கூட்டம் கூடியது. நின்றுபோன பஸ்ஸின் ஜன்னலில் என் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பருத்திப்பால் முழுக்க என் புதுப் பாவாடையில். வெட்கத்தில் அழுதேன். போலீஸ் ஜீப் வந்ததும், நடுரோட்டில் சண்டை போட்டதற்காகச் சித்தியைத்தான் பிடித்துப்போவார்கள் என்று பயந்தேன். நல்லவேளையாக அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். “சித்தி ரோட்டுல சண்ட போடுதும்மா. அம்புட்டுப் பேரும் பாத்தாங்க. ஊருக்கு அனுப்பிருங்க.”

அம்மா சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சித்திதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பாவாடைய நான் தொவச்சுத் தாரேன். நீ எம்புட்டு நாள் வேணும்னாலும் கோவமா இரு. வீட்டுக்குள்ள இருந்து கோவப்படு, போதும்.”

வழக்கு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதிகாரிக்கும் காண்ட்ராக்டருக்கும் தண்டனை கிடைத்தது. அந்தக் கூரையை இடித்துவிட்டு, அம்மாவின் மேற்பார்வையிலேயே வேறு கூரை போட்டார்கள். அம்மா இன்றைக்கும் அதே பிரிவில் வேலை பார்க்கிறார். நான் நலமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டுக்கும் அந்தச் சித்திக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

வழக்கு முடிந்து சித்தி கிளம்பிய அன்று, கூட்டிப்போக அவர் கணவர் வந்திருந்தார். கூடவே என் வயதில் ஒரு சிறுமி. நான் ஓடிப்போய்ச் சாக்லேட் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சித்தியின் துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்தாள்.

“இது எங்கம்மா” என்றாள்.

“எனக்குச் சித்தி” என்றேன் நான், பெருமையாக.

அதற்குப் போய் ஏன் அவளுக்கு அழுகை வந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.