சேலத்து அக்காவிடம் மட்டும் சொன்னது

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். தப்பு செய்து தெரிந்துகொண்டேன்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்கு அனுப்பும் வேலை எங்களுடையது. அலுவலகம் கிடையாது. ஏழு பேர், ஏழு ஊர். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்துதான். நான் இருப்பது திருத்தணி. எனக்குத் தமிழும் தெலுங்கும் வரும் என்பதால் திருத்தணி, நகரி, புத்தூர் பக்கத்து அழைப்புகள் என்னிடம் வரும். சேலத்தில் இருக்கும் அக்கா வண்டிகளைப் பிரித்து அனுப்புவார். மதுரையில் இருக்கும் சார் எங்கள் எல்லோருக்கும் பொறுப்பு. அவர் என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

யாரோ முன்பின் தெரியாதவர் போன் செய்தால் நன்றாகவே பேசுவேன். போனில் எங்கள் ஏழு பேருக்கும் இருக்கும் குழுவில் ஒரு வரி எழுதத்தான் எனக்கு வராது. மற்றவர்கள் பாதி ஆங்கிலத்தில் சடசடவென்று எழுதுவார்கள். நான் எழுதி ஏதாவது தப்பாகிவிட்டால் ஏழு பேரும் பார்ப்பார்களே என்று இருக்கும். அதனால் எல்லாவற்றையும் சேலத்து அக்காவுக்குத் தனியாக அனுப்பிவிடுவேன். அவர் அதை எடுத்துக் குழுவில் போடுவார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. நாள் ஆக ஆகக் குழுவைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

போன ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் அழைத்தார். வீட்டில் தறி வைத்திருப்பவர். அவருடைய அப்பா நுரையீரல் கெட்டுச் சென்னையில் படுத்திருந்தார். கிருத்திகை அன்று வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும். வீட்டு வாசலில் இறக்கிய நிமிஷத்திலிருந்து எங்கள் மெஷின் ஓடியாக வேண்டும்.

"எங்க நைனா அது இல்லாம பத்து நிமிஷம் தாங்கமாட்டாரும்மா," என்றார்.

"ஆங், முன்னாடியே வந்துடும்ங்க. கவலப்படாதீங்க," என்றேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"நாளைக்கு எனக்குச் சோறு கட்டிக் குடுத்துடு. காலைலயே ரோட்ட மூடிடறான். திருவள்ளூர்லருந்து வர்ற வண்டி எதையும் ஊருக்குள்ள உடமாட்டானாம்."

"எங்க வண்டி பொதட்டூர்பேட்டைக்குப் போவணுமே."

"போவும், போவும். எல்லாக் காவடியும் எறங்கனப்புறம் போவும்."

உடனே சேலத்து அக்காவுக்கு எழுதினேன். நாளை திருத்தணிக்குள் வண்டி போகாது, அரக்கோணம், சோளிங்கர், ஆர்.கே.பேட்டை வழியாக அனுப்புங்கள் என்று. அனுப்பியதும் என் வேலை முடிந்தது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அந்த மகன் மறுபடி அழைத்தார்.

"மூணு மணிக்கு இங்கருந்து கெளம்பறோம்மா. மெஷின் வந்துகினு இருக்குதா?"

"பாத்துச் சொல்றேங்க," என்று வைத்துவிட்டு, நான் அக்காவுக்கு எழுதியதைத் திறந்தேன். அவர் பார்க்கவே இல்லை. அழைத்தால் போன் அணைந்திருந்தது. அப்புறம்தான் குழுவைத் திறந்தேன். காலை ஏழு மணிக்கே அக்கா எழுதியிருந்தார், கடுமையான காய்ச்சல், இன்று விடுப்பு என்று. அதற்குக் கீழே சார், வண்டிகளை இன்றைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போட்டிருந்தார். அதற்கும் கீழே, ஆக்சிஜன் மெஷின் பன்னிரண்டு மணிக்குத் திருவள்ளூரிலிருந்து திருத்தணி வழியாகக் கிளம்பியது என்று இருந்தது.

கோயில் மலையிலிருந்து மேளச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அந்த வண்டி எங்கே நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் இரண்டரைக்கு எல்லோரும் சேர்ந்து பேசும் அழைப்பு ஒன்று உண்டு. மூன்று வருஷமாக நான் அதில் காது மட்டும்தான். அன்று இரண்டரை வரை பொறுக்க முடியாது என்று சாரைத் தனியாகக் கூப்பிடப் போனேன். விரல் அவர் பெயர் மேல் இருந்தது. இதுவும் இன்னொரு சேலத்து அக்காதான் என்று தோன்றியது. குழு அழைப்பையே அழுத்திவிட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள்.

"யாருங்க கூப்பிட்டது?" சார் கேட்டார்.

"திருத்தணி சார்."

"அக்கா! நீங்களா பேசுறீங்க?"

ஓசூரில் இருக்கும் பெண் சிரித்துவிட்டாள். "அய்யோ, திருத்தணின்னு ஒரு ஆளே இல்ல, எல்லாம் சேலத்து அக்கா கட்டிவிட்ட கதைன்னுல்ல நெனச்சேன்!"

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். என் குரல் எனக்கே கனமாகக் கேட்டது.

"பொதட்டூர்பேட்டை வண்டி திருத்தணி உள்ள போவாது சார். இன்னிக்கி ஆடிக் கிருத்திகை, ரோட்ட மூடிட்டாங்க. நோயாளி ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவாரு. மெஷின் இல்லாம பத்து நிமிஷம்கூட இருக்கமுடியாது. வண்டியத் திருப்பி அரக்கோணம், சோளிங்கர் வழியா அனுப்பணும். இது நேத்தே எனக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் சொன்னேன். குழுவுல போடாதது என் தப்பு."

வண்டி எங்கே இருக்கிறது என்று சார் போனில் பார்த்தார்.

"வண்டி அரை மணி நேரமா ஒரே எடத்துல நிக்கிது," என்றார் சார். "டிரைவர் சாப்பிடுறாரு போலன்னு நானும் விட்டுட்டேன். அக்கா, உங்க ஊருக்கு அது தெரிஞ்ச விஷயம். மதுரையில ஒக்காந்திருக்கிற எனக்கு எப்பிடித் தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தைத்தது. எங்கள் தெருவில் பூக்காரியிலிருந்து பள்ளிப்பிள்ளை வரை அறிந்த ஒன்றை, மதுரைக்கும் தானாகத் தெரிந்திருக்கும் என்று நானும் எங்கோ நம்பியிருக்கிறேன்.

டிரைவரை அழைப்புக்குள் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் அவர் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது.

"முன்னாடி பஸ்ஸு, பின்னாடி டிராக்டருங்க. எங்க திருப்பறது?"

"டிராக்டர்காரர எறங்கிக் கேளுங்கண்ணா. உள்ள ஆக்சிஜன் மெஷின் இருக்குதுன்னு சொல்லுங்க. நம்ம ஊருக்காரங்க உடுவாங்க," என்றேன்.

விட்டார்கள். இரண்டே முக்காலுக்கு வண்டி திரும்பியது. ஓசூர்ப் பெண், தானே கேட்டு, வழி முழுக்க வண்டியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த மகனை அழைத்து உள்ளதைச் சொன்னேன்: வண்டி சுற்றி வருகிறது, தாமதம் என்னால்தான், ஆம்புலன்ஸையும் சோளிங்கர் வழியாகவே வரச் சொல்லுங்கள், மெஷின் ஓட ஆரம்பிக்கும்வரை அப்பாவை இறக்க வேண்டாம்.

"வருமாம்மா?" என்றார்.

"வரும். சோளிங்கர் தாண்டனதும் நானே கூப்புட்றேன்."

சொன்னபடி கூப்பிட்டேன். ஆர்.கே.பேட்டை தாண்டியதும் இன்னொரு முறை. ஐந்து இருபதுக்கு அம்மையார்குப்பத்தில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பதாக ஓசூர்ப் பெண் சொன்னாள். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெஷினை அந்த வீட்டில் இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் ஆறேகாலுக்கு வந்தது.

"ஓடுதும்மா, நைனா மூச்சு உடறாரு," என்று அந்த மகன் சொன்னதை மட்டும் குழுவில் எழுதினேன். அதுதான் அங்கே நான் எழுதிய முதல் வரி. எழுத்துப்பிழை இருந்ததா என்று இன்றுவரை திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது என் பழக்கம் இதுதான். யாருக்கு, எந்த ஊருக்கு, என்ன, எத்தனை மணிக்குள் என்பதைத் தமிழில் எழுதிக் குழுவில் போடுவேன். எங்கள் பக்கத்தில் திருவிழா, மழை, மறியல் எது இருந்தாலும் அதையும் கூடவே எழுதுவேன், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விடமாட்டேன். யாராவது பதிலுக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதும்வரை அது என் கையில் இருப்பதாகவே கணக்கு. சேலத்து அக்காவோடு தனியாகப் பேசுவது நிற்கவில்லை. குழம்பு, மகள் கல்யாணம், கால்வலி எல்லாம் பேசுகிறோம். வண்டிப் பேச்சு மட்டும் அங்கே கிடையாது. கூச்சம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அது அதன்பாட்டுக்கு இருக்கிறது, நான் எழுதிவிடுகிறேன்.

கிருத்திகைக்கு மறுநாள் காலை ஒன்பதே காலுக்குப் புத்தூரிலிருந்து ஒருவர் தெலுங்கில் அழைத்து, தன் மாமியாருக்குச் சக்கர நாற்காலி கேட்டார். குழுவில் எழுதினேன். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தது.